‘ஜத்ர்’ – ஒரு சொல், மூன்று துறைகள்

மரத்தின் வேர், சொல்லின் வேர், எண்ணின் மூலம் ஆகிய மூன்றையும் இன்றைய அரபு மொழி ‘ஜத்ர்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. பெயர் ஒன்றாயிருப்பதால் கருத்தும் ஒன்றென்று கொள்வது பிழை. இன்றைய பொருளைப் பண்டைய நூல்களில் அப்படியே தேடுவது அதனினும் பெரிய பிழை.

முதலில் கணிதம். கி.பி. 820ஆம் ஆண்டளவில் பக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ர் நூல், எண்களை ‘மால்’ எனப்படும் வர்க்கம், ஜத்ர், தனி எண் என மூவகைப்படுத்துகிறது. ஒரு மாலும் அதன் பத்து ஜத்ர்களும் சேர்ந்து 39 ஆனால் ஜத்ர் எவ்வளவு என்பது அந்நூலின் புகழ்பெற்ற கணக்கு. அவர் கண்ட விடை 3, மால் 9. இன்றைய கணிதமோ இச்சமன்பாட்டிற்கு 3, -13 என இரு மூலங்கள் உண்டென்னும். அல்குவாரிஸ்மியிடம் ஜத்ர் என்பது தன்னைத்தானே பெருக்கி வர்க்கத்தைப் பிறப்பிக்கும் எண். குறை எண்ணுக்கு அங்கே இடமில்லை. இன்று சமன்பாட்டை நிறைவு செய்யும் எம்மதிப்பும் அதன் மூலமே. 12ஆம் நூற்றாண்டில் இந்நூல் இலத்தீனுக்குச் சென்றபோது ஜத்ர் ‘ராடிக்ஸ்’ ஆயிற்று. அதன் பொருளும் வேர்தான்.

மொழியியலில் ஜத்ர் என்பது தனித்து ஒலிக்கும் சொல்லன்று, மெய்யெழுத்துகளின் வரிசை. காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்துகளிலிருந்தே கிதாப், காதிப், மக்தப், மக்தூப் யாவும் கிளைக்கின்றன. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்கலீல் இப்னு அஹ்மத், ‘கிதாபுல் ஐன்’ அகராதியை வேரெழுத்துகளின் அடிப்படையிலேயே வகுத்தார். எனினும் பண்டைய இலக்கணிகள் இதற்கு வழங்கிய சொல் ‘அஸ்ல்’. இப்பொருளில் ஜத்ர் பிற்கால வழக்காகும். திருக்குர்ஆனின் இப்ராஹீம் அத்தியாயம் 24ஆம் வசனத்தில் நல்ல மரத்தின் வேரைச் சுட்டுவதும் அஸ்ல் என்னும் சொல்லே. ‘உசூலுல் ஃபிக்ஹ்’ என்பதிலுள்ள உசூல் இதன் பன்மை.

தாவரவியலுக்கு வேர் ஓர் உறுப்பு. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேரன்று: உருளைக்கிழங்கும் இஞ்சியும் தண்டுகள்; சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேர். ஆலின் விழுதோ மண்ணுக்கு மேலே தோன்றியும் வேரேயாகும். கணுவும் இலையும் அற்றிருத்தல் வேரின் அடையாளம்; இருக்குமிடம் அன்று.

தமிழ் இங்கே வேறு வழியில் சென்றிருக்கிறது. மரத்திற்கும் சொல்லிற்கும் ‘வேர்’ என்றோம். கணிதத்திற்கு ‘மூலம்’ என்றோம். வடமொழியில் மூலம் என்பதும் வேர்தான்; ‘மூலிகை’யில் அப்பொருள் இன்னும் ஒளிந்திருக்கிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைப்பது என்னும் காட்சியே மூன்று துறைகளுக்கும் பொது. அதற்கப்பால் வரையறை ஒவ்வொன்றும் தனித்தனி. ஆகவே பழைய நூலொன்றில் கலைச்சொல்லைக் காணும்போது, அகராதியைத் திறக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எந்தத் துறையின் சொல்? எந்த நூற்றாண்டின் சொல்?