புனையா ஓவியமும் புள்ளிக்கோலமும்: ஓசூர் எல்லைப்புற உயர்நிலைப் பள்ளிகளில் ஓவிய அடிப்படை பயிற்றுதல்

ஓவியத்தைத் தமிழர் நூல்வழி பயின்றனர் என்பதற்கு மணிமேகலை சான்றாகும். நாடக மகளிர் கற்றுத் துறைபோகிய கலைகளைக் கூறுமிடத்துச் சாத்தனார் ஓவியச் செந்நூலையும் உடன்வைத்து எண்ணுகின்றார். அந்நூல் நமக்குக் கிடைத்திலது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சித்திரகாரப்புலி எனப் பெயர் பூண்டதும், தட்சிணசித்திரம் என்னும் நூலைப் பற்றிய குறிப்பு மாமண்டூர்க் கல்வெட்டிற் காணப்படுவதும் அறிஞர் அறிந்தனவே. நூல்கள் மறைந்தன, கலைச்சொற்கள் சில எஞ்சின. அச்சொற்களைக் கொண்டு இற்றைப் பள்ளி மாணாக்கர்க்கு ஓவியத்தின் அடிப்படையைப் பயிற்ற இயலுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். அதற்கு நிலைக்களமாக ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியைக் கொண்டுள்ளோம்.

இப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஓசூர் தன் பெயரிலேயே எல்லைத்தன்மையைத் தாங்கி நிற்கின்றது. கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் நம் புத்தூரே. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை இங்கு அமைந்தபின், உந்துவண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் பெருகின. 2004இல் தருமபுரியினின்று பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளைகள் தமிழ்ப்பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அவ்வகுப்பினின்று நான்கு கல் தொலைவில் பொறி வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை காத்திருக்கின்றது. எதிர்த்திசையில் அதே தொலைவு சென்றால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகல் ஒன்று வயலோரத்தில் நிற்கக் காணலாம். இவ்விரண்டையும் ஒருசேரப் பயன்கொள்ளும் ஓவிய வகுப்பு பெரும்பாலான பள்ளிகளில் இல்லை என்பதே நம் கவலை.

இந்நிலைக்குக் காரணம் மாணாக்கரின் ஆர்வக்குறைவு அன்று. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் மாணாக்கர் தொகை நூற்றுக்கு மேற்பட்டால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கின்றது. அதன்வழித் தமிழக அரசு 2012இல் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. வாரத்திற்கு மூன்று அரைநாள் பணி. திங்கள் ஊதியம் தொடக்கத்தில் 5,000 ரூபாய். சட்டமோ 14 அகவையோடு நின்றுவிடுகின்றது. 9, 10ஆம் வகுப்புகளை அது தொடவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்களுள் ஓவியம் இல்லை. ஆதலின், கண்ணும் கையும் ஒருங்கே முதிர்ந்து, கண்டதைக் கண்டவாறு எழுத மாணாக்கன் தானே விழையும் பருவத்தில், கோல் அவன் கையினின்று வாங்கப்படுகின்றது. குழந்தைப் பருவத்தில் எல்லோரும் எழுதுவர். எழுத இயலவில்லை என்ற நாணம் 13, 14 அகவையிலேயே தோன்றும். ஆசிரியன் மிகுதியும் வேண்டப்படும் காலம் அதுவேயாம்.

ஓவிய வகுப்பு இருந்த காலத்தும் அதன் முறை எத்தகையது என நோக்குதல் வேண்டும். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் ஓர் ஓவியப்பள்ளி நிறுவினார். சின்னாட்களில் அஃது அரசின் கைக்கு வந்து தொழிற்கலைப் பள்ளியாக வளர்ந்தது. இலண்டன் தென்கென்சிங்டன் முறை அதன்வழி நம் பள்ளிகளுக்கு இறங்கிற்று. அச்சிட்ட படத்தைப் பார்த்து எழுதுதல், பின் சுண்ணச்சிலையைப் பார்த்து எழுதுதல், பின் பொருளை வைத்து எழுதுதல் என்பது அம்முறையின் படிநிலை. இன்றும் அரசுத் தேர்வுத்துறை கீழ்நிலை, மேல்நிலை என நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளில் அதன் தடம் தெளிவாகத் தெரிகின்றது. பார்த்தெழுதுதல் தீது என்பாரோடு நாம் முழுதும் உடன்படோம். நம் சிற்பிகளும் ஓலையிலிருந்து பார்த்தெழுதியே கைபழகினர். குறை பார்த்தெழுதுதலில் இல்லை. எதனைப் பார்த்தெழுதுவது என்பதை ஆசிரியர் ஆராயாது, அச்சிட்ட ரோசாமலரையே பரம்பரையாக வழங்கிவந்ததில் உள்ளது.

இனிச் சொற்களை நோக்குவோம். முதற்கண் வைத்தற்குரியது 'புனையா ஓவியம்' என்பது. அணிகலன் நீத்துப் பிரிவால் வாடிக் கிடக்கும் கோப்பெருந்தேவிக்கு உவமையாக இதனை நெடுநல்வாடை ஆசிரியர் ஆள்கின்றார். வண்ணந் தீட்டாது கோட்டால் மட்டும் வடிவு காட்டிய ஓவியம் என்பது நச்சினார்க்கினியர் உரையாற் பெறப்படும் பொருள். கோடு வேறு, வண்ணம் வேறு. கோடு முன், வண்ணம் பின் என்னும் பயிற்றுமுறை இச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது. மதுரைக்காஞ்சியின் 'கண்ணுள் வினைஞர்' என்னும் தொடரும் அத்தகையதே. ஓவியனின் பெருமை கையில் மட்டும் அன்று, காண்பார் கண்ணுள் பொருளை நிறுத்துவதில் உள்ளது என அச்சொல் உணர்த்துகின்றது. துகிலிகையும் வட்டிகைப் பலகையும் கருவிப் பெயர்கள். அவற்றை விரித்துரைத்தல் இங்கு வேண்டா.

'எழுதுதல்' என்னும் சொல் பண்டு ஓவியத்திற்கும் எழுத்திற்கும் பொதுவாயிருந்தது. மை எழுதுதல், தொய்யில் எழுதுதல் என்பவற்றை நினைக. பிற்காலத்தில் எழுதுதல் எழுத்தளவிற் குறுகிற்று. ஓவியத்திற்கு 'வரைதல்' நிலைத்தது. ஓசூர் வகுப்பறையில் இவ்வேறுபாடு ஒரு சுவையான நிலையை உண்டாக்குகின்றது. தமிழின் வகரமுதற் சொற்கள் பல கன்னடத்தில் ஒலிப்புடைய பகரம் பெறும். வா என்பது பா எனவும், வேர் என்பது பேரு எனவும் வருதல் போல, வரை என்பது பரெ என வரும். கன்னடத்தில் அதற்கு 'எழுது' என்பதே முதற்பொருள். படம் எழுதுதற்கும் அது வழங்கும். தெலுங்கின் 'ராயு' என்பதும் இவ்வேரினதே. அதன் பொருளும் எழுதுதல். படம் வரைதற்குத் தெலுங்கர் 'கீயு' என்பர். கோட்டுக்குக் 'கீத' என்பர். நம் கீறுதல், கீற்று என்பவற்றோடு அவை உறவுடையன. ஆசிரியர் 'வரை' என்றவுடன் ஒரு பிள்ளைக்கு எழுத்தும் மற்றொரு பிள்ளைக்குப் படமும் தோன்றக்கூடும். இதனை இடையூறாகக் கருதவேண்டுவதில்லை. நான்கு மொழிகளின் சொற்களையும் கரும்பலகையில் ஒருங்கெழுதி, எழுத்தும் ஓவியமும் ஒருகாலத்து ஒரே வினையாயிருந்தமையைக் காட்டும் ஆசிரியர் ஓவியப் பாடத்தோடு மொழிப்பாடமும் நடத்தியவராவார். அகப்பொருளில் வரைதல் மணத்தையும் குறிக்குமென்பது அப்பருவத்து மாணாக்கர் அறியாதிருத்தலே நன்று போலும்.

கோட்டிற்கு அடுத்தது அமைப்பு. இங்கேதான் ஓசூர்ப் பகுதியின் பெருஞ்செல்வம் வாயிற்படியிலேயே கிடக்கின்றது. தமிழர் கோலம் என்பதைத் தெலுங்கர் முக்கு என்பர். கன்னடர் ரங்கவல்லி என்பர். பெயர் மூன்றாயினும் புள்ளி ஒன்றே. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என அது இருவகைப்படும். நேர்ப்புள்ளியில் ஒருவரிசைப் புள்ளிக்கு நேர்கீழே அடுத்த வரிசைப் புள்ளி நிற்கும். சதுரக் கட்டம் பிறக்கும். 7இல் தொடங்கி இருமருங்கும் 5, 3, 1 எனக் குறைத்தால் 25 புள்ளி கொண்ட சாய்சதுரம் ஆகும். ஊடுபுள்ளியில் மேல்வரிசையின் இரு புள்ளிக்கு இடையே கீழ்வரிசைப் புள்ளி விழும். முக்கோணக் கட்டம் பிறக்கும். 7இல் தொடங்கி இருமருங்கும் 6, 5, 4 எனக் குறைத்தால் 37 புள்ளி கொண்ட அறுகோணம் ஆகும்.

இவ்வறுகோணத்தை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். பொறியியலார் ஒரு பொருளின் மூன்று பக்கங்களையும் ஒருங்கே காட்டச் சமவளவு வரைபடம் எழுதுவர். அதற்கென முக்கோணப் புள்ளியிட்ட தாள் விற்கப்படுகின்றது. அத்தாள் ஊடுபுள்ளியேயன்றி வேறன்று. 37 புள்ளிகளைச் சமதொலைவிற் சீராக வைத்துத் தாளைக் கால்வட்டம் திருப்புக. அறுகோணத்தின் புறக்கோட்டை எழுதி, நடுப்புள்ளியினின்று ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று மூலைகளுக்குக் கோடு இழுத்தால், பக்கத்திற்கு மூன்று அளவுகொண்ட கனசதுரம் தாளினின்று எழுந்து நிற்கும். மூலையில் ஓரளவு வெட்டி நீக்கினால் படிக்கட்டும், நடுவில் நீக்கினால் துளையிட்ட பொறியுறுப்பும் ஆகும். மார்கழித் திங்களில் வாயிலில் ஊடுபுள்ளி வைத்த பெண், தொழிற்பயிற்சி நிலையத்து மாணவன் அரிதின் முயன்று கற்கும் வரைபடத்தின் அடித்தளத்தை முன்னரே கையில் வைத்திருக்கின்றாள். அவளுக்கு அதனை எடுத்துச் சொல்வார்தாம் இல்லை. கோலம் மகளிர்க்கே உரியதென ஒதுங்கும் ஆண்பிள்ளைகளும் கனசதுரம் கண்டபின் ஒதுங்கார்.

கோலத்தின் இலக்கணம் கல்வியுலகின் கவனத்திற்கு வாராமல் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தைக் கணிப்பொறியியலின் அணி இலக்கணத்தால் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடரை விதிகள் ஆக்குதல் போலக் கோலத்தையும் சில விதிகள் ஆக்கும் என்பது அதன் கருத்து. அதன் பயன் கணிதத்துறைக்குச் சென்றது. ஓவிய வகுப்பிற்கு வரவில்லை.

மூன்றாவது அளவு. சிற்பநூலார் முகத்தின் நீளத்தைத் தாலமெனக் கொண்டு உருவத்தை அளந்தனர். உத்தம தசதாலத்தில் உருவம் 124 அங்குலம். மாணாக்கன் எழுதிய மனித உருவில் தலை பெருத்துக் கால் குறுகுவதைத் திருத்த இவ்வளவைமுறை உதவும். ஆயினும் இப்பகுதி நடுகற்கள் பிறிதோர் அளவையைக் காட்டுகின்றன. ஆநிரை மீட்டுப் பட்ட வீரன் கல்லின் பெரும்பகுதியை நிறைத்து நிற்பான். ஆநிரை ஒரு மூலையிற் சிறிதாய் அடங்கும். தொலைவில் உள்ளது சிறிதாகும் என்னும் மேனாட்டுத் தோற்றமுறை இங்கு இல்லை. சிறப்புடையது பெரிதாகும் என்பதே இதன் விதி. மல்லப்பாடிப் பாறையில் வெண்ணிறத்தால் தீட்டிய குதிரைவீரர் உருவங்களில் ஒளிநிழல் சிறிதும் இல்லை. ஆயினும் அவை போர்புரிகின்றன என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. தோற்றமுறையை மட்டுமே உண்மையெனப் பயிற்றும் ஆசிரியர் இவற்றைத் தவறான ஓவியம் எனச் சொல்ல நேரும். இரண்டு விதிகளையும் கற்ற மாணாக்கனோ எவ்விடத்து எது வேண்டும் எனத் தானே தெரிவான். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கு ஒருநாள் அழைத்துச் சென்றால் நடுகற்களை நேரிற் கண்டு எழுதலாம்.

வடிவமைப்பு என்னும் சொல் குறித்து ஒன்று கூறவேண்டும். டிசைன் என்னும் ஒரே சொல்லால் புடைவைக் கடைக்காரர் கரையின் பூவேலையையும், தொழிற்சாலையார் உறுப்பின் அமைப்பையும் குறிக்கின்றனர். முன்னது ஒப்பனை, பின்னது வினைக்கேற்ற வடிவு. 1958இல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் நம் செம்பைச் சிறந்த வடிவமைப்பாகப் போற்றினர். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அவ்வறிக்கை தூண்டுதலாயிற்று. நம் ஓவியத் தேர்விலும் செம்பு போன்ற கலங்களையே எதிரில் வைப்பர். ஆனால் அதன் விளிம்பு நீள்வட்டமாகத் தெரிவதை எழுதினால் போதும். இடுப்பில் எவ்வாறு அமர்கின்றது, கழுத்து ஏன் சுருங்கிற்று, நீர் சிந்தாது வார்க்க வாய் ஏன் விரிந்தது என்னும் வினாக்களை எழுப்பினால் அதே செம்பு வடிவமைப்புப் பாடமாகும். ஓசூரிலேயே இதற்கு அணுக்கமான சான்று உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் 1984இல் கூட்டாக நிறுவிய டைட்டன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட எட்ஜ் கைக்கடிகாரத்தின் இயக்கப்பொறி 1.15 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் அழகு சேர்த்ததனால் வந்ததன்று, நீக்கியதனால் வந்தது. புனையா ஓவியத்தின் இயல்பும் அதுவேயன்றோ?

தொழிலோடு ஓவியத்தை இணைத்துப் பேசுவார் மீது ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராசாசி 1953இல் கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம், அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என வகுத்தது. அது குலக்கல்வி என எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நேர்மையானது என்றே நாம் கொள்கின்றோம். அதன்பின் கைவினை என்ற அளவிலேயே பள்ளிகள் அஞ்சத் தொடங்கியது மட்டும் வேண்டாத விளைவு. கோடும் அளவும் எந்தக் குலத்தின் உடைமையும் அல்ல. குயவர் பிள்ளைக்கும் வணிகர் பிள்ளைக்கும் செம்பின் வளைவு ஒன்றே. வரைபடம் படிக்கத் தெரியாத தொழிலாளி பிறர் எழுதியதைச் செய்வான். தெரிந்தவன் அதன் பிழையைச் சுட்டுவான். இவ்வேறுபாடு அவன் ஊதியத்திலும் தெரியும், மதிப்பிலும் தெரியும்.

வண்ணத்தைப் பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. விலைமிக்க வண்ணப்பெட்டி இல்லாமையால் ஓவியம் நடவாது என்பது பொருந்தாது. சுண்ணாம்பின் வெண்மை, காவிக்கல்லின் செம்மை, விளக்குக்கரியின் கருமை ஆகிய மூன்றும் எப்பள்ளியிலும் கிட்டும். மல்லப்பாடி ஓவியனுக்கு வெண்மை ஒன்றே போதியதாயிருந்தது. 9ஆம் வகுப்பில் வாரம் இரு பாடவேளை கிடைக்குமாயின், முற்பருவம் முழுதும் கோட்டிற்கும் புள்ளிக்கும் செலவிட்டு, பிற்பருவத்தில் இம்மூன்று வண்ணங்களைத் தரலாம். பசையாக வேப்பம்பிசின் போதும்.