இன்னும் ஒரு வருடம் பொறுப்போம்

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் ஒருவர் எம்மை வழிமறித்தார். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியப் பக்கத்திலிருந்த வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டுத் திகனவுக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டே வயதானவர்.

"சாமி, நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் சுழல் பந்து போடுறான். நேர்ல பாத்தாத்தான் நம்புவீங்க. அடுத்த முரளி இவன்தான்!"

எழுபதை நெருங்கும் அந்த முகத்தில் சிறுபிள்ளையின் பூரிப்பு. ஊர் போனது, நிலம் போனது என்றே எம்மிடம் பேசிவந்தவர் அன்றைக்குத்தான் வரப்போவதைப் பற்றிப் பேசினார்.

அடுத்த ஞாயிறு மாலை நாமும் மைதானத்துக்குப் போனோம். பையனுக்குப் பதினைந்து வயது. பெரியவர்களோடு அவன் ஆடும் முதல் போட்டி. இரண்டு பந்துகள் உண்மையிலேயே அழகாகத் திரும்பின. அதற்குப் பிறகு அவனுக்கு அடிமேல் அடி. ஓர் ஓவரில் மூன்று ஆறு ஓட்டங்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இவனையா முரளி என்றீர்கள்?" என்று பெரியவரைக் கேலி செய்தார்கள். பையன் தலை குனிந்தபடி எல்லைக்கோட்டுக்குப் போனான். நாமும் அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினோம். அந்த மௌனம் எம்மை உறுத்துவதனால்தான் இதை எழுதுகிறோம்.

பையனை எவரோடு ஒப்பிட்டோமோ, அந்த முரளியின் தொடக்கம் எப்படி இருந்தது?

முத்தையா முரளிதரன் தூரத்து மனிதர் அல்லர். திகனவிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், குண்டசாலையை அடுத்த நத்தரம்பொத்தவில் அவருடைய தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்போது முரளிக்கு ஐந்து வயது. வசதியில் அக்குடும்பம் எம்மைப் போன்றதல்ல என்பது உண்மை. ஆனாலும் இழந்ததை மீண்டும் கட்டியெழுப்புவது என்னவென்று அறிந்த குடும்பம் அது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தபோது அவர் முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். பாடசாலைக் கிரிக்கெட்டில் விக்கெட்டுகளை அள்ளிக் குவித்தார். 1991இல் இலங்கை 'ஏ' அணியோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஐந்து போட்டிகளில் ஆடினார். ஒரு விக்கெட் கூடக் கிடைக்கவில்லை. நம் ஊர்க் கூட்டம் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

நல்ல காலம், தெரிவாளர்கள் அவரைக் கைவிடவில்லை. 1992 ஓகஸ்டில் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் தம் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். 141 ஓட்டங்களைக் கொடுத்து மூன்று விக்கெட்டுகள். பெரிய கணக்கல்ல, ஆனால் பந்து திரும்பிய அளவைக் கண்டவர்கள் வியந்தார்கள்.

மேலும் பெரிய சோதனை பின்னர் வந்தது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவர் பக்கம் உறுதியாக நின்றார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை, பார்ப்பவர் கண்ணுக்கு எறிவது போன்ற தோற்றத்தைத் தருகிறது என்பதை 1996இல் நடந்த விஞ்ஞானப் பரிசோதனைகள் காட்டின. 1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் அதே குற்றச்சாட்டு எழுந்தபோது, ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று வாதாடினார்.

2007 டிசம்பர் 3ஆம் திகதி, எமது கண்டி அஸ்கிரிய மைதானத்தில், 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஷேன் வோர்னின் உலக சாதனையை முரளி கடந்தார். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், தம் இறுதி டெஸ்ட் போட்டியில், 800ஆவது விக்கெட்டையும் பெற்றார்.

பூஜ்யத்துக்கும் 800க்கும் இடையே இருந்தது திறமை மட்டுமல்ல. முறையாக வழிகாட்டிய ஓர் ஆசிரியர், மறுவாய்ப்புத் தந்த தெரிவாளர்கள், பழி வந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு தலைவர் ஆகியோரும் இருந்தார்கள்.

விவசாயிகளான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முள்ளங்கி நாற்பது, ஐம்பது நாளில் கைக்கு வரும். மிளகுக் கொடி காய்க்க மூன்று வருடமாவது வேண்டும். முதல் வருடம் காய்க்கவில்லை என்று கொடியை யாரும் பிடுங்கி எறிவதில்லை. சுழற்பந்தும் மிளகுக் கொடி போலத்தான். விரலும் மணிக்கட்டும் பழகி, பந்து நினைத்த இடத்தில் விழ ஆயிரக்கணக்கான பந்துகள் வீச வேண்டும்.

நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன அத்திமரத்தின் கதையும் இதுவே. கனி தராத மரத்தை வெட்டச் சொல்கிறார் தோட்டத்தின் சொந்தக்காரர். தோட்டத் தொழிலாளியோ இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறான். வெறுமனே காத்திருப்பதற்காக அவன் கேட்கவில்லை. சுற்றிக் கொத்தி எரு போடுவதற்காகவே கேட்கிறான்.

ஆகவே, திறமையுள்ள பிள்ளையைக் கண்டால் மகிழ்வோம். அந்த மகிழ்ச்சியைச் சுமையாக அவன் தலையில் ஏற்றாதிருப்போம். 'அடுத்த முரளி' என்ற பட்டம் பதினைந்து வயதுத் தோளுக்குப் பாரமானது. விளையாட்டுக்காகப் படிப்பையோ, படிப்புக்காக விளையாட்டையோ பறிக்காதிருப்போம். அவன் தோற்ற நாளில் வீட்டில் ஒருவராவது அவனோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டும். இவனுக்குக் கிட்டாமலும் போகலாம். அப்போதும் அவன் நம் பிள்ளைதான்.

இடம்பெயர்ந்த எமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. புது மண்ணில் வேர்விடக் காலம் எடுக்கும் என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள். எமக்குக் கேட்ட அவகாசத்தை எம் பிள்ளைகளுக்கு மறுக்கலாமா?

சில நாட்களுக்குப் பின் மாலை வேளையில் மைதானப் பக்கம் போனோம். பையன் தனியாகப் பந்து வீசிக்கொண்டிருந்தான். தடி ஒன்றை நட்டு, அதன் பின்னால் நின்று பந்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர். எம்மைக் கண்டதும் சிரித்தார்.

"முரளி கதையெல்லாம் இப்ப சொல்றதில்ல சாமி. பந்து மட்டும் பொறுக்கிக் குடுக்கிறேன்."

நாமும் அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய் நின்றோம்.