வானத்தைப் படமெடுக்க எந்த மென்பொருள்?

இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: எதை எடுக்கப் போறீங்க?

வியாழன், சனி மாதிரி கிரகம் என்றால் வேகம்தான் முக்கியம். வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். அதனால் சில நிமிடங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களை வீடியோவாகப் பிடித்து, காற்றின் நடுக்கம் குறைந்தவற்றை மட்டும் பிறகு பொறுக்க வேண்டும். இதற்கு ஃபயர்கேப்சர் அல்லது ஷார்ப்கேப் போதும்.

ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமீடா என்றால் கதையே வேற. நீண்ட எக்ஸ்போஷர்கள், ராத்திரி முழுக்க. கேமராவோடு மவுன்ட், ஃபோகஸர், கைடிங் எல்லாத்தையும் மென்பொருள்தான் கட்டி மேய்க்கணும். விண்டோஸ் என்றால் நினா; அது ஆஸ்காம் டிரைவர்கள் வழியாகக் கருவிகளோடு பேசும். லினக்ஸ், ராஸ்பெர்ரி பை என்றால் கேஸ்டார்ஸுக்குள் இருக்கும் ஈகோஸ். அதற்கு இண்டி டிரைவர்கள். இரண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். உங்கள் கருவிகளுக்கு எதில் டிரைவர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு விஷயத்தை நான் ஒரு இரவைத் தொலைத்துத்தான் கற்றேன். ஜெர்மன் ஈக்வடோரியல் மவுன்ட்டில், நெபுலா வடக்கு-தெற்கு உச்சிக்கோட்டைத் தாண்டியதும் தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பணும். அப்போது நான் வைத்திருந்த மென்பொருள் அதைச் செய்யாது. நான் தூங்கிட்டேன். மவுன்ட் தன் எல்லையில் நின்றுவிட்டது, கேமரா மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் பாதி ஃப்ரேம்களில் நட்சத்திரங்கள் கோடு கோடாக. அடுத்த தெளிவான அமாவாசை வானத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

நினா, ஈகோஸ் இரண்டிலும் இந்தத் திருப்பம் தானாக நடக்கும். ஆனாலும் நிலா வெளிச்சம் இருக்கும் ஒரு ராத்திரியில், பக்கத்திலேயே உட்கார்ந்து, முழுசா ஒருமுறை ஓட்டிப் பாருங்க. அமாவாசை ராத்திரி சோதனைக்கு இல்லை.