கொலஸ்ட்ரால் மாத்திரையோடு காளான் கேப்சூல்: சேர்த்துச் சாப்பிடலாமா?

மழை பெய்த மறுநாள் புற்றுக் காளான் பறித்து வந்து குழம்பு வைப்பது பெரம்பலூர், அரியலூர் கிராமங்களுக்குப் புதிதல்ல. இப்போது அதே காளான் பொடியாகவும் கேப்சூலாகவும் டப்பாவில் வருகிறது. 'கெட்ட கொழுப்பு குறையும், இதயம் பலமாகும்' என்று செல்போனில் விளம்பரம் ஓடுகிறது. ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதில்தான் சந்தேகம்: ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? இல்ல, மாத்திரையை விட்டுட்டு இதுக்கு மாறிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: மாறக் கூடாது. முதல் கேள்விக்கான பதில், டப்பாவில் எந்தக் காளான் இருக்கிறது, கூடவே வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

மாத்திரையே பூஞ்சையிலிருந்து வந்ததுதான்!

அட்டர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்களே, அவை 'ஸ்டாட்டின்' குடும்பம். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை இவை தடுக்கின்றன. ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-ல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். பிறகு வேறொரு பூஞ்சையிலிருந்து கிடைத்த லோவாஸ்டாட்டின், 1987-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. நாம் சாப்பிடும் சிப்பிக் காளானில்கூட இந்த லோவாஸ்டாட்டின் கொஞ்சம் உண்டு.

'அப்போ காளானே போதுமே' என்று தோன்றலாம். மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அளவு இருக்கிறது. காளானில் அது ரகத்துக்கு ரகம், விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். அந்த அளவை நம்பி இதய நோயாளிக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

'சிவப்பு ஈஸ்ட் அரிசி' என்ற பெயரில் விற்கும் கேப்சூலில் சிக்கல் வேறு மாதிரி. அதிலுள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். ஸ்டாட்டின் போடுகிறவர் இதையும் போட்டால் ஒரே வகை மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். தசையும் கல்லீரலும் பாதிக்கப்படும் அபாயம் கூடும். ஜப்பானில் கோபயாஷி நிறுவனம் கொலஸ்ட்ராலுக்கென விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையால் பலருக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்பட்டு, 2024 மார்ச்சில் அதைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள்.

அதிகம் விற்கும் 'ரீஷி' காளான்

இதன் அறிவியல் பெயர் கானோடெர்மா. தென்னை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்தப் பெயர் நல்ல அர்த்தத்தில் தெரிந்திருக்காது. தென்னையின் அடித்தண்டை அழுக வைக்கும் 'தஞ்சாவூர் வாடல் நோய்' இதே கானோடெர்மா இனத்துப் பூஞ்சையால்தான் வருகிறது. (அதற்காக மரத்தடியில் முளைத்ததைப் பறித்துக் காய வைத்துப் பொடி செய்துவிட வேண்டாம்.)

ரீஷி கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா? காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சுமார் 400 பேரிடம் நடந்த 5 பரிசோதனைகளை அலசியது. சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ குறிப்பிடும்படி குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பலன் இல்லாவிட்டாலும் பக்கவிளைவு இருக்கலாம். ரீஷி பொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஸ்டாட்டினும் சிலருக்குக் கல்லீரல் நொதிகளை உயர்த்தும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், எதனால் பாதிப்பு என்று கண்டுபிடிப்பதே டாக்டருக்குத் தலைவலி.

யாருக்கு ஆபத்து அதிகம்?

மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்டாட்டினோடு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவையும் சேர்ந்தே ஓடும். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் வருகிறவர்களுக்கு அவசரத்துக்குக் கொடுப்பதும் இந்த மூன்று மருந்துகளைத்தான். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. ரீஷிக்கும் அந்தக் குணம் ஓரளவு இருப்பதால், சேரும்போது ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ரீஷி பிரஷரையும் சர்க்கரையையும் சிலருக்கு இறக்கலாம் என்பதால், 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை வாங்குகிறவர்களும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இன்னொரு விஷயம் கால்வலி. சின்ன வெங்காயம் அறுவடைக்குப் போய் வந்தவரும், சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்தவரும் 'வேலை செஞ்ச அசதி' என்று விட்டுவிடுவார்கள். புது வேலை எதுவும் செய்யாமலே இரண்டு தொடையும், தோளும் வலிக்கிறதா? சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா? அது ஸ்டாட்டினின் அரிதான, ஆனால் கடுமையான தசைப் பாதிப்பாக இருக்கலாம். உடனே பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். கண் மஞ்சளானாலும் இதேதான்.

காளான் குழம்பு சாப்பிடலாமா?

தாராளமாக. சிப்பிக் காளான், பால் காளான், மொட்டுக் காளான் எதுவானாலும் சமைத்துச் சாப்பிடும் அளவில் ஸ்டாட்டினோடு பிரச்சினை இல்லை. எண்ணெயில் பொரித்த சில்லி காளானை மட்டும் குறைத்துக்கொள்ளலாம், அங்கே வில்லன் காளான் இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்தச் சத்துப் பொருட்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் விற்பவை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் சொல்வதும் வீடியோ சொல்வதும் அதற்கு நேர்மாறாக இருக்கும்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கேப்சூலை நிறுத்திவிட்டு டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள். பெயரைச் சொன்னால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் படித்துப் பார்க்க வேண்டும். திருச்சிக்கு அடுத்த செக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 104-க்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். ஸ்டாட்டினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய அளவுக்கு ஏறிவிடும். ஆபரேஷனோ, பல் பிடுங்குவதோ இருந்தால், ரீஷி சாப்பிட்டதை அங்கேயும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.