அவையும் அடங்கா உறுப்பினரும்



எங்கள் ஊராகிய உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வகையைக் கூறுகிறது. 35 வயதுக்கு மேற்பட்டும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். யார் உறுப்பினர் ஆகலாகாது என்பதையும் அது வரையறுக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்பெறா. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அச்சபையில் இடமில்லை என்ற குறையை நான் மறைக்கவில்லை. ஆயினும், தவறியவரை என்செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த அறிவு பாராட்டத்தக்கது.

இப்பாடத்தை நடத்தியபோது மாணவன் ஒருவன், "ஐயா, ஒரு நாடே தவறு செய்தால் அதை எப்படி விலக்குவது?" என்று வினவினான். அவ்வினாவுக்குரிய விடையை இன்று மியன்மாரைக் கொண்டு காண்போம்.

மியன்மார் என்பது நம் முன்னோர் அறிந்த பர்மாவே. அங்கு 1962-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. கையிலிருந்ததை இழந்த தமிழ்க் குடும்பங்கள் பல கப்பலேறிச் சென்னை வந்தன. அவ்வாறு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் என் வகுப்புத் தோழனாக இருந்தான். ஆதலின் அந்நாட்டுச் செய்தி எனக்கு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

1967-இல் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் பாங்காக்கில் கூடி, ஆசியான் என்னும் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கத்தை நிறுவின. ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடலாகாது. எம்முடிவும் அனைவரும் இசைந்தே எடுக்கப்பட வேண்டும்: இவை அதன் இரு தூண்கள். பெரும்பாலும் அண்மையில் விடுதலை பெற்று, ஒன்றையொன்று ஐயுற்றிருந்த நாடுகளை ஒருங்கே அமரச் செய்தவை இத்தூண்களே.

1997-இல் மியன்மார் இச்சங்கத்தில் சேர்ந்தது. இராணுவ ஆட்சியை ஏற்பது தகாது என்று மேலைநாடுகள் மறுப்புரைத்தன. உள்ளே அழைத்துப் பழகினால் அது திருந்தக்கூடும் என்று ஆசியான் கருதியது. ஆயினும் 2006-ஆம் ஆண்டின் தலைமைப் பொறுப்பு மியன்மாரின் முறையாக வந்தபோது சங்கடம் எழுந்தது. பிற உறுப்பினரின் தயக்கத்தை உணர்ந்து, 2005-இல் அந்நாடே அதனை விட்டுக்கொடுத்தது.

2021 பிப்ரவரி 1-இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்து, ஆங் சான் சூகியைச் சிறைப்படுத்தியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜகார்த்தாவில் கூடிய தலைவர்கள், இராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கையும் உடன்வைத்து, ஐந்து அம்ச உடன்பாடு கண்டனர். வன்முறையை நிறுத்துதல், எல்லாத் தரப்பினரும் பேசுதல், சிறப்புத் தூதர் நடுநிற்றல், மக்களுக்கு உதவி அளித்தல், தூதர் சென்று அனைவரையும் சந்தித்தல் என்பன அவை. வன்முறையோ ஓயவில்லை. 2022 ஜூலையில் மக்களாட்சிப் போராளிகள் உட்பட நால்வர் தூக்கிலிடப்பட்டனர்.

ஆசியானின் சாசனத்தில் உறுப்பினரை நீக்கும் விதியே இல்லை. ஆதலின் அது வேறொரு வழி கண்டது. 2021 அக்டோபர் உச்சிமாநாட்டுக்கு இராணுவத் தலைவரை அழையாமல், அரசியல் சாராத ஒருவரை அனுப்புமாறு கேட்டது. மியன்மார் மறுக்கவே, அந்த இடம் வெறுமையாயிற்று. 2024-இல்தான் அந்நாடு உயர் அலுவலரை அனுப்பத் தொடங்கியது. 2026-இன் தலைமையும் மியன்மாருக்கு அன்றிப் பிலிப்பைன்ஸுக்கு என்று 2023-இலேயே முடிவாயிற்று.

இதனால் விளைந்த பயன் யாது? நாட்டை விலக்காமல் ஆட்சியாளரை மட்டும் வாயிலில் நிறுத்தியது நன்றே; முற்றும் விலக்கியிருந்தால் உதவிப்பொருள் அனுப்பும் வழியும் அடைபட்டிருக்கலாம். ஆனால் வெறும் நாற்காலி துப்பாக்கியைத் தடுக்கவில்லை. அனைவரும் இசைந்தாலன்றி எதுவும் செய்யலாகாது என்னும் சங்கத்தில், தவறுபவரின் இசைவும் தேவையாகிவிடுகிறது.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் மன்றங்கள் அமைப்பீர்கள். அன்பு நிறைந்திருக்கும் முதல் நாளிலேயே, தவறியவரை என்செய்வது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பிணக்கு எழுந்தபின் அவ்விதியை எழுத எல்லாரும் இசையமாட்டார்கள்.