மல்லிகை ஊரில் மஞ்சப்பொடி டப்பா விதைகள்!

கேந்தியும் வாடாமல்லியும் காணாமல் போகாதிருக்க ஒரே வழி: பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து வையுங்கள்!

சங்கரன்கோவில்,

விடிகாலையில் இந்த ஊர்ப் பூ மார்க்கெட்டுக்குப் போக யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மூக்கு வழி சொல்லும். மல்லிகை, பிச்சி, கேந்தி, சம்பங்கி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாள் என்றால் மல்லிகை கிலோ ஆயிரக் கணக்கில் ஏறும். ஓணம் வந்தால் கேரளத்துக்கும் லோடு போகும்.

அது வியாபாரப் பூ. அதற்கு ஏலம் உண்டு. தராசு உண்டு.

இதே ஊரில் தராசில் ஏறாத பூவும் உண்டு. புறவாசலிலும், கிணற்றடியிலும், மொட்டை மாடிப் பெயிண்ட் டப்பாவிலும் பூப்பது அது. காசித்தும்பை, அந்திமந்தாரை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சங்குப்பூ, நாட்டுக் கேந்தி. சாமி படத்துக்கு நாலு பூ, பிள்ளையின் தலைக்கு ஒரு பூ. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இந்தப் பூ எந்தக் கடையிலிருந்து வந்தது?

கடையிலிருந்து வரவில்லை. "மைனி, உங்க காசித்தும்பை நல்ல அடுக்குப் பூவா இருக்கே, ரெண்டு விதை குடுங்களேன்" என்று கேட்டு, முந்தானையில் முடிந்து கொண்டு வந்தது. காகிதப் பொட்டலத்தில் மடித்து, பழைய மஞ்சப்பொடி டப்பாவில் போட்டு, அடுக்களை அலமாரியில் வைத்தது.

அந்த டப்பாவுக்குத்தான் இப்போது ஆபத்து!

டப்பா போனால் பூ போச்சு

ஆச்சி இருக்கிற வரைக்கும் டப்பா இருக்கும். எந்தப் பொட்டலத்தில் எந்த விதை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மேலே பேர் எழுதியிருக்காது. ஆச்சி காலமான பிறகு வீட்டை வெள்ளையடிக்கும் போது, "இது என்ன குப்பை?" என்று யாரோ ஒருவர் கொட்டிவிடுவார். முப்பது வருஷமாக அந்த வாசலில் பூத்த பூ அன்றோடு முடிந்தது.

கடையில் வாங்கிக் கொள்ளலாமே என்று கேட்கலாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஹைபிரிட் விதை. முதல் வருஷம் பிரமாதமாக இருக்கும். எல்லாச் செடியும் ஒரே உயரம், எல்லாப் பூவும் ஒரே அளவு. அந்தப் பூவிலிருந்து விதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று அடுக்கு, ஒன்று ஒற்றை. இரண்டு வேறு ஜாதிகளைக் கலந்து செய்த விதை, அடுத்த தலைமுறையில் பிரிந்து விடும். அதே பூ வேண்டும் என்றால் அடுத்த வருஷமும் பாக்கெட் வாங்க வேண்டும்.

நாட்டு விதை அப்படி இல்லை. அம்மாவைப் போலப் பிள்ளை வரும்.

எல்லாப் பூவுக்கும் விதை உண்டா?

இல்லை. நம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மல்லிகையே பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்துத்தான் நடுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கம் இதற்கென்றே நாற்றுத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே வேர் பிடித்த மல்லிகை நாற்று பல ஊர்களுக்குப் போகிறது.

கனகாம்பரத்தில் ஒரு வேடிக்கை. சாதாரண ஆரஞ்சு கனகாம்பரம் விதை கொடுக்கும். 'டெல்லி கனகாம்பரம்' என்று விற்கிறார்களே, அது கொடுக்காது. அதன் உடம்பில் மரபணுக் கட்டு மூன்று. ஜோடி சேராததால் விதை பிடிக்காது. அதற்கும் குச்சிதான் வழி.

ஆகவே மல்லிகை வேண்டுமானால் குச்சி கேளுங்கள். கேந்தி வேண்டுமானால் விதை கேளுங்கள்.

விதை எடுப்பது எப்படி?

முதல் பாடம்: கடைசியில் மிஞ்சிய சோகைப் பூவில் விதை எடுக்கக் கூடாது. நல்ல பூவை எல்லாம் சாமிக்குப் பறித்து விட்டு, நோஞ்சான் பூவை விதைக்கு விட்டால் அடுத்த வருஷம் நோஞ்சான்தான் வரும். செடி நன்றாக இருக்கும் போதே நல்ல பூ இரண்டைப் பார்த்து, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி விடுங்கள். வீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கேந்தி: பூ செடியிலேயே காய வேண்டும். அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம் பழுப்பானதும் பறித்துப் பிய்த்தால் ஊசி ஊசியாகக் கறுப்பு விதை வரும். ஒரு பூவே ஒரு தொட்டி நாற்றுக்குப் போதும்.

வாடாமல்லி: காய்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு இதழுக்குள்ளும் பஞ்சு சுற்றிய விதை ஒன்று ஒளிந்திருக்கும்.

கோழிக்கொண்டை: கொண்டையைக் காகிதத்தின் மேல் தலைகீழாகத் தட்டினால் போதும். பளபளவென்று பொடிக் கறுப்பு விதை கொட்டும்.

காசித்தும்பை: இது பொல்லாதது! பழுத்த காயைத் தொட்டதும் தெறித்து ஓடி விடும். கையைக் குவித்து மூடிக் கொண்டு காயைத் தொட வேண்டும்.

கனகாம்பரம்: இதுவும் வெடிதான். ஆனால் தண்ணீர் பட்டால்தான் வெடிக்கும். காய்ந்த காய்களை ஒரு சட்டியில் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, தட்டால் மூடி விடுங்கள். படபடவென்று கடுகு வெடிப்பது போலச் சத்தம் கேட்கும். திறந்தால் விதை தனியாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

சங்குப்பூ: நெற்று காய்ந்ததும் உரித்து எடுக்கலாம். தோல் கெட்டி. விதைக்கும் போது ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும்.

மிளகு இல்லை, ஜாக்கிரதை!

அந்திமந்தாரை விதையைப் பார்த்தால் அசல் மிளகு மாதிரியே இருக்கும். ஆனால் அது விஷம். அதை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். தனி டப்பா, மேலே பெரிய எழுத்தில் பேர், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம். அரளி விதையும் அப்படித்தான். செடி முழுக்க விஷம்.

அந்திமந்தாரையில் இன்னொரு சங்கதி உண்டு. சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் ரோஸ் நிறத்தில் பூக்கும். அந்த ரோஸ் செடிகளை அவற்றுக்குள்ளேயே கலந்து விதை எடுத்தால் நாலில் ஒன்று சிவப்பு, இரண்டு ரோஸ், ஒன்று வெள்ளை. சுமாராக இந்தக் கணக்கில் வரும். ஜெர்மனியில் கார்ல் காரென்ஸ் என்ற விஞ்ஞானி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே செடியை வைத்துத்தான் பாரம்பரிய விதிகளைப் படித்தார். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் 1866-ல் வெளியிட்டு, உலகம் மறந்து போன கணக்கை 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் சோதனைத் தோட்டத்தில் பார்த்ததை நம் கிணற்றடியிலும் பார்க்கலாம்!

சாம்பலின் ரகசியம்

விதைக்கு எதிரி இரண்டு. ஒன்று ஈரம், இன்னொன்று சூடு.

விதையில் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்காகும். விதை ஆராய்ச்சியில் பல காலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு இது.

ஆச்சிமார் இதைப் படிக்கவில்லை. ஆனால் விதையை நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தார்கள். சாம்பல் ஈரத்தை இழுக்கும், வண்டையும் தடுக்கும். இப்போது கேஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி அரிசியை நன்றாக வறுத்து, ஆறியதும் துணியில் முடிந்து டப்பாவுக்குள் போடுங்கள். அந்த அரிசி ஈரத்தை இழுத்துக் கொள்ளும்.

ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்கக் கூடாது. சில்லிட்ட விதையில் காற்றின் ஈரம் படியும். டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

முளைப்பாரி சொல்லும் பாடம்

பழைய விதை முளைக்குமா, முளைக்காதா? பத்து விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். துணி காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் பயப்பட வேண்டாம். ஐந்து என்றால் இரண்டு மடங்கு விதை போடுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அம்மன் கோயில் கொடையில் பெண்கள் தலையில் சுமந்து வரும் முளைப்பாரியும் ஒரு வகையில் இந்தப் பரிசோதனைதான் என்று சொல்வதுண்டு. வீட்டுக்கு வீடு தானியம் வாங்கி முளைக்கப் போட்டால், யார் வீட்டு விதைக்கு வீரியம் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்து விடும் அல்லவா?

எப்போது போடலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆனால் ஆடித் தபசுக் கூட்டத்தில் மண்டகப்படிப் பந்தலே ஆடுகிற காற்றில் சின்ன நாற்று என்ன பாடு படும்? ஆடியில் போடுகிறவர்கள் சுவர் மறைவில் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணி, புரட்டாசியில் போடலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் நாற்று வேர் பிடித்து விடும். பொங்கலுக்குள் வாசலில் பூ.

முளைக்கப் போடத் தொட்டி வாங்க வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை போதும். அடியில் ஒரு ஓட்டை. செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சரி பங்கு. விதையின் பருமன் எவ்வளவோ அதைப் போல இரண்டு மடங்கு மண் மூடினால் போதும். கோழிக்கொண்டை போன்ற பொடி விதை என்றால் மேலே தூவி லேசாக அமுக்கினாலே போதும். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். நாலு இலை வந்ததும் சாயங்கால நேரத்தில் எடுத்து நடலாம்.

இந்த ஊருக்கு மண்ணின் மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கரநாராயணர் கோயிலில் பிரசாதமே புற்றுமண்தானே!

கொடுத்தால் குறையாது

சிலருக்கு நல்ல விதையைக் கொடுக்க மனசு வராது. "எங்க வீட்ல மட்டும்தான் இந்த நெறம்" என்பதில் ஒரு பெருமை. ஆனால் அங்கேதான் வினை! ஒரே ஒரு வீட்டில் இருக்கிற விதை, ஒரு கோடை தண்ணீர் இல்லாவிட்டால் போய் விடும். ஓர் ஆடு வேலி தாண்டினாலும் போய் விடும். மூன்று வீட்டில் இருந்தால் எங்கேயாவது ஒரு வீட்டில் தப்பிக்கும்.

உலக அளவிலும் இதே கதை நடந்திருக்கிறது. சிரியாவில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விதைக் களஞ்சியம் இருந்தது. வறண்ட நிலப் பயிர்களின் விதைகளைக் காப்பாற்றி வைத்த சர்வதேச ஆராய்ச்சி நிலையம் அது. உள்நாட்டுப் போரில் அங்கே வேலை செய்ய முடியாமல் போயிற்று. ஆனால் அவர்கள் புத்திசாலிகள். வட துருவத்துக்கு அருகே நார்வே நாடு ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த பனிமலைக் கிடங்கில் தங்கள் விதைகளில் ஒரு பங்கை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். 2015-ல் அங்கிருந்து திரும்ப வாங்கி, மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017-ல் புது விதையைக் கிடங்குக்குத் திருப்பியும் கொடுத்தார்கள்.

நமக்கு ஸ்வால்பார்டு எது? எதிர்த்த வீட்டு மைனியின் அலமாரிதான்!

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் 'நெல்' ஜெயராமன் செய்ததும் இதுதான். அழியப் போன பாரம்பரிய நெல் ரகங்களை 150-க்கு மேல் தேடிச் சேர்த்தார். சேர்த்து வைத்துப் பூட்டவில்லை. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்தார். அறுவடைக்குப் பிறகு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. 2018 டிசம்பரில் அவர் காலமானார். நெல் ரகங்கள் வயல்களில் இருக்கின்றன.

அந்தக் கணக்கைப் பூவுக்கும் வைத்துக் கொள்ளலாம். ஒரு பொட்டலம் வாங்கினால் அடுத்த பூப்பில் இரண்டு பொட்டலம் கொடுங்கள். ஒன்று வாங்கிய வீட்டுக்கு, ஒன்று புது வீட்டுக்கு.

விதையை மாற்றிக் கொள்வது குற்றமாகுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பயம் வேண்டாம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001-ன் 39-வது பிரிவு விவசாயிக்கு விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக் கொள்ள, பகிர்ந்து கொள்ள, விற்கவும் உரிமை கொடுக்கிறது. பதிவு பெற்ற ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்பதுதான் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. முகவரி தெரியாத வெளிநாட்டுப் பொட்டலத்தில் விதை வந்தால் போட வேண்டாம். கேட்காமலே இப்படிப்பட்ட மர்மப் பொட்டலங்கள் 2020-ல் அமெரிக்காவில் வீடு வீடாக வந்து, விதைக்காதீர்கள் என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. விதையோடு நோயும் வரும், களையும் வரும். தெரிந்த கையிலிருந்து வாங்குவதே நல்லது.

இன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் போது, வாசலில் காய்ந்த கேந்தி ஒன்று நின்றால் பிடுங்கிக் குப்பையில் போடாதீர்கள். பறித்து ஒரு காகிதத்தில் மடியுங்கள். மேலே பூவின் பேர், நிறம், மாதம், யார் வீட்டிலிருந்து வந்த விதை என்று எழுதுங்கள்.

மடிக்கும் போதே மூன்று பொட்டலமாக மடியுங்கள். இரண்டு அடுத்த வீடுகளுக்கு.