இரண்டு நிமிஷ மூச்சும் ஒரு தடைச் சட்டமும்

கார்பன் மோனாக்சைடு வாயுவைப் பரிசோதனை நோக்கமின்றிப் பிரயோகிப்பது 2026 ஜனவரி 1 முதல் குற்றமாகும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தனது 2026-ம் ஆண்டுத் தடைப் பட்டியலில் அறிவித்ததிலிருந்து, மோட்டார் புகையில் கலந்து வந்து மனிதரைக் கொல்லும் ஒரு விஷவாயுவைச் சைக்கிள் வீரர்கள் எதற்காக நாட வேண்டும் என்று வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

அளப்பதற்காக என்பதே முதற்காரணம். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் அடர்த்தியைத்தான் சாதாரணப் பரிசோதனை சொல்லும். பல நாள் பந்தயத்தில் ரத்தநீர் பெருகினால் அந்த எண் தானே இறங்கிவிடும். உடலிலுள்ள மொத்தத்தை அறியும் உபாயத்துக்கு ஹால்டேனும் லோரெய்ன் ஸ்மித்தும் 1900-லேயே வழிகாட்டினார்கள். ஷ்மிட், ப்ரொம்மர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2005-ல் அதை இரண்டு நிமிஷ வேலையாகச் சுருக்கினார்கள். மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, நெஞ்சிலுள்ள காற்றையெல்லாம் வெளியேற்றிய வீரன், அளந்து வைத்த வாயுவை ஒரே மூச்சில் இழுத்துப் பத்து விநாடி அடக்கி, மீதி நேரத்தைப் பிராணவாயு நிரம்பிய பையோடு இணைந்த மூடிய குழாயிலேயே சுவாசித்துக் கழிக்கிறான்; அதற்கு முன்னும் பின்னும் காதுமடலில் ஒரு துளி ரத்தம் எடுக்கிறார்கள். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், கரைத்த உப்பின் கரிப்பைக்கொண்டு அண்டாவிலுள்ள தண்ணீரை மதிப்பிடுவதுபோல மொத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.39 மில்லிலிட்டர் ஏற்கும். 70 மில்லிலிட்டர் உள்ளே போய் 5 சதவீதத்தைப் பிடித்ததென்றால், உடலில் இருப்பது ஏறக்குறைய 1,000 கிராம். நேர்த்தியான கணக்கு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதே மூச்சைத் தினந்தோறும் பல தடவை இழுத்தால், ரத்தத்தின் ஒரு பங்கு பிராணவாயுவைச் சுமக்க இயலாமற்போக, மலைமீது வாழ்வதாக எண்ணி ஏமாந்த சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை ஆக்கத் தொடங்குகிறது. ஷ்மிட்டின் குழுவினரே நாளுக்கு ஐந்து தடவையாக மூன்று வாரம் கொடுத்துப் பார்த்து, மொத்த ஹீமோகுளோபின் சுமார் 5 சதவீதம் ஏறியதை 2020-ல் வெளியிட்டார்கள். அளவுகோலே மருந்தாகவும் மாறுகிறது என்பதுதான் என்னைக் கலங்கச் செய்வது.

2024-ம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின்போது சில முன்னணி அணிகளிடம் இச்சாதனம் இருப்பது வெளிப்பட்டபோது, மலைமுகாமின் பயனை அளக்கவே வைத்திருக்கிறோம் என்று அவை கூறின. அக்கூற்றைப் பொய்யென்று காட்ட ஒருவராலும் இயலாது. மெய்யென்று காட்டவும் இயலாது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம், தலைசுற்றலும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம் என்று ஆரோக்கியத்தையே காரணமாகச் சொல்லி, 2025 பிப்ரவரி 10 முதல், மருத்துவ நிலையத்துக்கு வெளியே சாதனத்தை வைத்திருப்பதையே தடுத்தது. உள்ளேயும் ஒரு தடவைதான், மறுமுறைக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்றது. இதில் எண்ணிக்கை இருக்கிறது, ஆகவே மீறலுக்கு உருவம் இருக்கிறது. உலக முகமையின் விதியோ நோக்கத்தைத் தடுக்கிறது. ஒரே குழாய், ஒரே வாயு, ஒரே அறை என்றிருக்கையில் நோக்கத்தை எந்தச் சோதனை காட்டும்? சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நாலைந்து மணி நேரத்துக்கொரு முறை இரத்தத்திலுள்ள வாயு பாதியாகிவிடும். காலையில் வரும் சோதனையாளர் முந்தின நாள் பகலில் நடந்ததைக் காண்பது அரிது. வீரனின் மருத்துவக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்ற சம்மேளனத்தின் நிபந்தனையையும் நான் பெரிதாக நம்பவில்லை, எழுதுகிற கை அணி வைத்தியருடையதாகவே இருக்கக்கூடுமாதலால்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மலைமுகாமும் தடையா? இல்லை. நுரையீரல் நோயாளிக்குச் செய்யும் வாயுப் பரிசோதனை? அனுமதி உண்டு. இந்திய வீரர்களுக்கும் பொருந்துமா? பொருந்தும். புகைபிடித்தால் இதே பலன் வருமா? அந்த வாயுவோடு சுவாசப்பையைக் கெடுக்கும் மற்றவையும் சேர்ந்தே வரும். வீட்டில் செய்து பார்க்கலாமா? கூடவே கூடாது; இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அளவு மிஞ்சியதை உணர்வதற்குள் நினைவு தப்பிவிடும்.